சட்டம் எழுதப்படும் இடத்தில் நம் மனு



இன்று நாம் நினைவுகூரும் தோழர் வாழ்நாளெல்லாம் மனு எழுதியவர். பட்டா, சுடுகாட்டுப் பாதை, முதியோர் உதவித்தொகை என்று சேரி சனம் கேட்ட எதையும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் கையில் சேர்த்துவிடுவார். மனுதர்மத்தை எதிர்க்கிற நாம் மனுவும் கையுமாக அலைகிறோம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவரிடம்தான் நாங்கள் மனு எழுதக் கற்றோம். ஆனால் அவையெல்லாம் ஏற்கெனவே இருக்கிற சட்டத்தை நிறைவேற்றச் சொல்லிக் கெஞ்சிய மனுக்கள். சட்டம் எழுதப்படும்போதே மனு கொடுக்கலாம் என்பது எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

நம் முன்னோர்களுக்கு அது தெரிந்திருந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, சாதி இந்துக்களே அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சிய தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. பறைச்சேரியிலிருந்து நேராக லண்டன். வாக்குரிமையே இல்லாத சனங்கள் அவர்கள். வாக்குரிமை உள்ள நாம் இன்று டெல்லியை எட்டமுடியாத தூரம் என்று நினைக்கிறோம்.

எட்டிய கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 20 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, நாடெங்குமுள்ள தலித், பழங்குடி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, அந்தச் சட்டம் எங்கெங்கே ஓட்டையாக இருக்கிறது என்று வழக்குகளை வைத்துக் கணக்கெடுத்தன. எந்தப் பிரிவை எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதியே கொடுத்தன. அவசரச் சட்டம், மசோதா, நிலைக்குழு ஆய்வு என்று பல கட்டங்களைக் கடந்து 2015 டிசம்பரில் திருத்தம் நிறைவேறியது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். செருப்பு மாலை போடுவது குற்றம். மொட்டையடிப்பதும் மீசையை மழிப்பதும் குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையேறுவதைத் தடுப்பதும் குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பட்டியலில் இருக்கிறது. டெல்லியில் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து சட்டம் வரையும் அதிகாரிக்கு, செருப்புப் போட்டு நடப்பதற்குக்கூட ஒரு சட்டப்பிரிவு தேவைப்படும் என்று தானாகத் தோன்றியிருக்காது. யாரோ ஒருவர் அடிபட்டார், இன்னொருவர் அதை எழுதி வைத்தார், அது மேலே போய்ச் சேர்ந்தது. 4ஆம் பிரிவில், புகார்தாரர் வாய்மொழியாகச் சொன்னதைக் காவல்துறை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன் அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறையாவது காவல் நிலைய பெஞ்சில் இரவு முழுக்கக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும்.

இதற்கு வழிகள் எங்கே இருக்கின்றன? முதல் வழி, மசோதா அவைக்கு வரும் முன்பே. 2014இல் ஒன்றிய அரசு வகுத்த கொள்கையின்படி, வரைவு மசோதாவை விளக்கக் குறிப்போடு குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இது கொள்கைதான், சட்டமல்ல. அதனால் பல மசோதாக்கள் இந்தப் படியை மிதிக்காமலே தாண்டிப் போகின்றன.

இரண்டாவது வழிதான் நமக்கு முக்கியம். துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கின. இப்போது 24 இருக்கின்றன. இரு அவை உறுப்பினர்களும், எல்லாக் கட்சியினரும் அவற்றில் உட்காருகிறார்கள். மசோதா குழுவுக்குப் போனால், பெரும்பாலும் நாளிதழில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடம் கருத்து கேட்பார்கள். குழுவின் முன் நேரில் பேச விரும்பினால் அதையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் கேமரா இல்லாத அந்த அறையில், கட்சிக் கொறடாவின் ஆணை செல்லாத அந்த இடத்தில், உறுப்பினர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் கிடைக்கும். இரண்டு பிரதிகள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ. நாங்கள் ஒரு மசோதாவுக்குப் பதின்மூன்று கிராமங்களில் கூட்டம் போட்டு, தமிழில் அருமையாக எழுதி, மொழிபெயர்க்க ஆள் தேடியதில் கெடுவைத் தவறவிட்டோம். எட்டாவது அட்டவணையில் தமிழ் இருக்கிறது. அந்த விளம்பரத்தில் இல்லை. இதை மொழிப்பற்றுள்ள நம் கட்சிகள் ஒரு பிரச்சினையாக எடுத்ததை நாங்கள் பார்த்ததில்லை.

மூன்றாவது, மக்களவைக்கே மனு. நிலுவையில் உள்ள மசோதா மீதும் கொடுக்கலாம், பொதுநலன் சார்ந்த விஷயம் மீதும் கொடுக்கலாம். ஓர் உறுப்பினர் மேலொப்பம் இட்டு அவையில் வைக்கலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம் என்று அவையின் விதியே சொல்கிறது. மேலொப்பத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள். அவர்கள் கையெழுத்தைக் கேட்பது நம் உரிமை. மற்ற 32 பேரையும் சும்மா விட வேண்டியதில்லை.

இந்த வழிகள் குறுகிக்கொண்டே வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். இதில் நாம் முழு யோக்கியர்களும் அல்ல. 2018 மார்ச் 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் சனம் தெருவுக்கு வந்தது. பலர் உயிரைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் சில நாட்களிலேயே, குழு ஆய்வு எதுவுமின்றி, இரு அவைகளிலும் திருத்தம் நிறைவேறியது. அந்த அவசரத்துக்கு நாம் கைதட்டினோம். அன்று கைதட்டியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறோம். தெரு இல்லாமல் குழுவின் கதவு திறக்காது. ஆனால் தெருவில் போட்ட முழக்கத்தை 18ஏ பிரிவின் வாசகமாக மாற்ற, சட்டம் தெரிந்த ஆட்களும் கோப்புகளும் வேண்டியிருந்தன.

எனவே எங்களிடம் இப்போது ஒரு சிறு ஏற்பாடு உண்டு. இரண்டு பேர் மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களையும் நாளிதழ் விளம்பரங்களையும் வாரந்தோறும் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்க்கிறார். கிராமத்தில் நடந்த ஒவ்வொன்றையும் தேதியோடு, எந்தச் சட்டப்பிரிவு உதவியது, எது கைவிட்டது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நோட்டு.

அதில் கனமானது ஆணவக்கொலை நோட்டு. இந்திய சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அரசின் மசோதாவாக அது இன்னும் அவைக்கு வரவில்லை. வருகிற அன்று கொடுப்பதற்கு இரண்டு பிரதிகளும் ஆங்கிலத்தில் தயாராக இருக்கின்றன. மக்களவை மனுவுக்கான கையெழுத்தும் கைநாட்டும் இன்று இந்த அரங்கின் வாசலில் சேகரிக்கிறோம்.