பட்டர் மட்டைக்கு எந்தப் பிடி? வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரவு செலவு

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ. பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. மெல்ல உருண்டு வரும் பந்தின் மையம் குழியின் விளிம்புக்குள் வந்தால் விழுந்துவிடும். ஆகவே இருபுறமும் கிடைக்கும் சலுகை 54 மி.மீ. இதைக் கோணமாக்கினால் 3 அடியில் 3.4 டிகிரி, 8 அடியில் 1.3, 20 அடியில் வெறும் அரை டிகிரி. ஒரகடம் ஆலைகளில் வெர்னியரும் டாலரன்ஸுமாக ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் மட்டையின் முகம் ஒரு டிகிரி திரும்பினாலே 8 அடி தூரத்தில் பந்து ஏறத்தாழ 4 செ.மீ. விலகிப் போகும். பிடியைப் பற்றிய பேச்செல்லாம் அந்த ஒரு டிகிரிக்காகத்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி 2014இல் வெளியிட்ட நூலின் கணக்குப்படி, தொழில்முறை வீரர்களே 8 அடியிலிருந்து பாதிதான் குழியில் போடுகிறார்கள். ஓர் ஆட்டத்தை 90 ஸ்ட்ரோக்கில் முடிக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தப் பாதி 5 அடியிலேயே வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நம் கையை நாமே திட்டிக்கொள்வது அநியாயம்.

முதலில் செலவே இல்லாத வழிகளைப் பார்ப்போம். வலது கை ஆட்டக்காரர்கள் வழக்கமாக வலது கையைக் கீழே வைப்பார்கள். இடது கையைக் கீழே கொண்டுபோனால் தோள்கள் சமமாகும், வலது மணிக்கட்டின் துடுக்கு அடங்கும். 2003இல் ஜிம் ஃப்யூரிக் அமெரிக்க ஓப்பனை வென்றது இப்படிப் பிடித்துத்தான். 2015இல் ஜோர்டான் ஸ்பீத் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன் இரண்டையும் வென்றதும் இதே பிடியில்தான். வலது கை விரல்களை நகம் போல மேலே வைக்கும் ‘கிளா’ பிடி இன்னொன்று. நீள மட்டையை உடம்பில் ஊன்றி ஆடியவர்களில் ஆடம் ஸ்காட் 2013இல் மாஸ்டர்ஸ் வென்றார். 2016 ஜனவரி 1 முதல் விதி அந்த வழியை அடைத்துவிட்டது.

அடுத்தது காசு கேட்கும் ரப்பர் கிரிப். பழைய வகையின் பருமன் ஓர் அங்குலத்தை ஒட்டியிருக்கும். சுற்றளவு சுமார் 80 மி.மீ. தடித்த வகையில் 1.67 அங்குலம், அதாவது 42.4 மி.மீ. வரை உண்டு, சுற்றளவு 133 மி.மீ. விதி அனுமதிக்கும் உச்சம் 44.45 மி.மீ. கட்டைவிரல்கள் படிய ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம் என்ற சலுகையும் பட்டருக்கு மட்டுமே. தென்கொரியாவின் கே. ஜே. சோய் 2007இல் தடித்த கிரிப்போடு பி.ஜி.ஏ. டூரில் வென்ற பிறகுதான் அதைக் கேலி செய்வது குறைந்தது.

தடித்த கிரிப்பில் விரல்கள் முழுதாகச் சுற்றாது. மணிக்கட்டு அடங்கிக் கிடக்கும். பதிலுக்கு, 30 அடியிலிருந்து எவ்வளவு வலுவாகத் தட்டுவது என்ற கைக்கணக்கு மழுங்கும். 4 அடியில் இடமும் வலமும் தவறவிடுகிறவர் தடித்ததை வாங்கலாம். நீண்ட உருட்டலைக் குழிக்கு முன்பே நிறுத்திவிடுகிறவருக்கு மெல்லியதே போதும் என்பது என் தீர்ப்பு.

கிரிப்பின் விலை, வெளிநாட்டுச் சந்தையில் பெரும்பாலும் 20 முதல் 45 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 1,700 முதல் 3,825 ரூபாய். நடுவில் 3,000 என்று கொள்வோம். ஆட்டத்துக்கு 30 உருட்டல், 40 ஆட்டம் என்றால் 1,200 உருட்டல், ஒன்றுக்கு 2.50 ரூபாய். வாலாஜாபாத்திலிருந்து சென்னை நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்துக்குப் போக வர 120 கி.மீ. என்று குறைத்தே போடுவோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு 8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 800. அதை 30 உருட்டலுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 26 ரூபாய்க்கு மேல். கிரிப்பைப் போலப் பத்து மடங்கு பெட்ரோலில் போகிறது! மைதானக் கட்டணமும் மட்டைப் பை சுமக்கும் கேடியின் கூலியும் இதில் சேரவில்லை.

ஆகவே சோதனையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது லாபம். தரையில் 108 மி.மீ. அட்டை வட்டம், 8 அடி தூரம். மூன்று பிடிக்கும் தலா 50 உருட்டல். இடம், வலம், குறைவு என்று மூன்று பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த 150 உருட்டலுக்குச் செலவு சுழியம். பிடி முடிவான பிறகு ரப்பர் வாங்கலாம். அதற்கு முன் தண்டின் மேல்முனையை வெர்னியரில் அளந்துகொள்ள வேண்டும், பெரும்பாலும் 0.580 அல்லது 0.600 அங்குலம் இருக்கும். பழையதைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றித் தின்னர் விட்டால் புதியது வழுக்கி ஏறும். தட்டைப் பக்கத்தை மட்டையின் முகத்தோடு நேர் பார்த்துத் திருப்புவதைத் தின்னர் காய்வதற்குள் முடித்துவிட வேண்டும்.