பால் கொடுக்கும் தாய்க்கு பசி ஏன்?

"பிள்ளை பெற்றவள் இவ்வளவா சாப்பிடுவது?" என்று சில வீடுகளில் முணுமுணுப்பார்கள். அவள் மீது தப்பே இல்லை!

குழந்தை சப்பத் தொடங்கியதும் தாயின் மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி 2 ஹார்மோன்களை விடுகிறது. "புரோலாக்டின்" பாலை ஊற வைக்கும். "ஆக்சிடோசின்" பாலை வெளியே தள்ளும்.

தினமும் சுமார் முக்கால் லிட்டர் பால் ஊற வேண்டும். அதற்கு சத்து வேண்டாமா? முதல் 6 மாதம் தினமும் கூடுதலாக 600 கலோரி தேவை என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கூறியது. அதாவது கூட ஒரு வேளை சாப்பாடு!

சாப்பாட்டைக் குறைத்தாலும் பால் உடனே வற்றிவிடாது. தாயின் உடம்புதான் கரையும். எனவே, பத்தியம் என்று சொல்லி அவள் வயிற்றைக் காயப்போடாதீர்கள். சோறு, பருப்பு, கீரை தாராளமாகப் போடுங்கள்!