தங்கூசியும் செய்மதியும்

செய்மதி ஒன்றின் அன்ரனாவும் சூரியத் தகடுகளும் ஏவுதலின் கடும் அதிர்வைத் தாங்கும்பொருட்டு மடித்து இறுகக் கட்டப்பட்டே விண்ணுக்குச் செல்வதால், சுற்றுப்பாதையை அடைந்தபின் அக்கட்டை உரிய வேளையில் அவிழ்ப்பதற்கு விடுவிப்புப் பொறிமுறை எனப்படும் தனியமைப்பு தேவைப்படுகிறது. பிரிய வேண்டியது பிரியாவிட்டால் நேரும் இழப்பை 2017 ஆகஸ்ட் 31 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பிஎஸ்எல்வி-சி39 காட்டியது; ஏவூர்தியின் வெப்பக்கவசம் கழலாததால், ஐஆர்என்எஸ்எஸ்-1எச் செய்மதி அதனுள்ளேயே அடைபட்டுப் பயனற்றுப்போனது.

இவ்வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்தது சிறிதளவு வெடிமருந்தாகும். அது மரையாணியைக் கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும் என்றாலும், அப்போது எழும் அதிர்ச்சி அலை உலோகச் சட்டகத்தினூடே ஓடி, வெடிப்பிடத்தின் அருகில் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கை எட்டக்கூடும். சில மில்லிசெக்கன்களில் அடங்கிவிடும் அவ்வலை பெரிய சட்டங்களுக்குத் தீங்கு செய்யாமல், படிக அலையியற்றி, ரிலே, பீங்கான் கொள்ளளவி போன்ற நுண்ணுறுப்புகளையே உடைக்கிறது. ஆகவே, சூடேறியதும் தன் பழைய வடிவத்துக்கு மீளும் நிட்டினோல் என்னும் நிக்கல்-தைத்தேனியக் கலப்புலோகத்தைக் கொண்டு பிடியை மெல்லத் தளர்த்தும் குறை-அதிர்ச்சிப் பொறிமுறைகள் உருவாயின.

விடுவிப்புப் பொறிமுறைகளுள் மிக எளியது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நன்கு அறிமுகமான பொருளால் ஆனது. யப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கி, 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடைய இராவணா-1 போன்ற கையடக்கச் செய்மதிகளில், அன்ரனாவைக் கட்டுவதற்குப் பெரும்பாலும் மீன்பிடி நைலோன் இழையே பயன்படுகிறது. குருநகரிலும் மயிலிட்டியிலும் தங்கூசி என வழங்குவது இதுவே. இழையைத் தொட்டபடி அமைந்த நிக்ரோம் கம்பியில் மின்னோட்டம் பாயும்போது, ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் நைலோன் உருகி அறுபட, அன்ரனா தன் மீள்தன்மையால் நிமிர்கிறது.

எளிமையான இவ்வமைப்பைச் சோதிப்பதுதான் கடினம். வெற்றிடத்தில் சூட்டைக் கொண்டுசெல்லக் காற்று இல்லாமையால், ஆய்வுகூட மேசையில் சரியாக வேலைசெய்த கம்பி அங்கே மிதமிஞ்சிக் காய்ந்து தானே அறுந்துபோகலாம். கடுங்குளிரிலோ மின்கலத்தின் வலு குன்றி, கம்பி போதிய சூட்டை எட்டாமற் போகலாம். எனவே காற்று அகற்றப்பட்ட கலத்தினுள், உச்ச வெப்பத்திலும் தாழ்ந்த குளிரிலும், நிறைந்த மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னழுத்தத்திலும் விடுவிப்பு மீண்டும் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கப்படுகிறது. இழுவிசையின்கீழ் நைலோன் நாட்செல்ல நீண்டு தளரும் இயல்புடையது என்பதைக் கடற்றொழிலாளர் நன்கறிவர்; ஏவுதலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் செய்மதியில் அத்தளர்வு இழையைக் கம்பியிலிருந்து விலக்கிவிடக்கூடும் என்பதால், கட்டிய மாதிரியை நெடுநாள் அப்படியே வைத்து, அதிர்வு மேடையில் குலுக்கியபின் அறுத்துப் பார்ப்பதும் அவசியமாகிறது. கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் போன்றவை விண்வெளித் துறையில் கால்பதிக்க விரும்பினால், ஏவூர்தி எதுவும் வேண்டாத இச்சோதனையைவிடப் பொருத்தமான தொடக்கம் அரிது.

எம்முறையாயினும், சோதனையின்போது விடுவிப்பு எழுப்பும் அதிர்ச்சியின் அளவு முடுக்கமானிகளால் பதியப்படுகிறது. விடுவிப்பு இடத்திலும் மின்னணுப் பலகையிலும் ஒட்டப்படும் இக்கருவிகளின் பதிவிலிருந்து, வெவ்வேறு அதிர்வெண்ணில் ஆடும் கற்பனை வில்சுருள்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு துள்ளியிருக்கும் எனக் கணித்து வரையும் கோடு, அதிர்ச்சி மறுமொழி நிறமாலை எனப்படும்.

வெடிமருந்துக் கருவி ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால், சோதிக்கப்பட்டது ஒருபோதும் பறப்பதில்லை. அதே தொகுதியில் செய்யப்பட்ட இன்னொன்றே பறக்கிறது. நிட்டினோல் பொறிமுறைகளுள் பலவற்றை மீளப் பூட்டலாம் என்பதால், பத்துமுறை சோதித்த அதே கருவியையே அனுப்ப முடிகிறது. குறை-அதிர்ச்சி முறையின் பெரும்பேறு இதுவே எனலாம். தங்கூசிக் கட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கம்பி சோதிக்கப்பட்ட கம்பியாகவே இருந்தாலும் முடிச்சு ஒவ்வொரு முறையும் புதியது. அதனால் எத்தனை சுற்று, எவ்வளவு இழுவிசை, எவ்வகை முடிச்சு என்பன எழுதிவைக்கப்பட்டு, பறக்கும் செய்மதியின் இறுதிக் கட்டு, சோதனை மாதிரிகளில் அதே முடிச்சை முன்னர் பலமுறை இட்டுப் பழகிய கைகளாலேயே போடப்படுகிறது.