தென் கொல்கத்தாவின் ஏரிக்கரை

கொல்கத்தாவில் குடியேறிய தமிழ் மக்கள் பலருக்கு லேக் மார்க்கெட் வட்டாரம் இரண்டாவது ஊர் போன்றது. வாழை இலைக்கும் முருங்கைக்காய்க்கும் அங்கே போகும் நாம், அந்தப் பெயரில் குறிக்கப்படும் ஏரியைப் பற்றி எவ்வளவு அறிவோம்? தெற்கே சிறிது தூரம் நடந்தால் அதன் கரையை அடையலாம்.

ரவீந்திர சரோவர் இயற்கையாக அமைந்த ஏரியன்று. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்டு இங்கே ஏறத்தாழ 192 ஏக்கர் சதுப்பு நிலத்தைக் கையகப்படுத்தியது. குடியிருப்புகள் எழ வேண்டுமாயின் தாழ்ந்த நிலத்தை உயர்த்த வேண்டும்; அதற்கு மண் வேண்டும். ஆகவே ஒரு பகுதியைத் தோண்டி மற்றப் பகுதியை மேடாக்கினர். தோண்டிய பள்ளமே ஏரியாயிற்று; நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 73 ஏக்கர். தாக்குரியா ஏரி என வழங்கிய இதற்கு 1958இல் கவியரசர் தாகூரின் பெயரைச் சூட்டினர். ஏரியும் அதன் அருகே எழுந்த வீடுகளும் ஒரே மண்வெட்டியின் இரு பயன்கள் எனலாம்.

குளிர்காலக் காலை வேளையே இங்கு உலாவ ஏற்றது. மரநிழலில் நீண்டு செல்லும் நடைபாதைகளும், இளைப்பாற இருக்கைகளும் உள்ளன. படகுச் சங்கத்தினர் துடுப்பு வலிப்பதைக் காணலாம். தீவிலுள்ள பள்ளிவாசலுக்குச் செல்ல 1926இல் அமைத்த தொங்குபாலம் உண்டு. ஜப்பானியப் பௌத்தர் எழுப்பிய கோயிலும் அருகிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தொலைதூரப் பறவைகளும் வந்து தங்கும்.

நம் நாட்டுப்புற ஏரிகளுக்கு வரத்துக் கால்வாய் உண்டு. மதகும் கலங்கலும் உண்டு. புதுநீர் வரும், பழைய நீர் போகும். இந்த ஏரியிலோ ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை. உள்ளே விழுவது உள்ளேயே தங்குகிறது. உணவும் பூவும் எண்ணெயும் நீரில் அழுகும்போது, அதிற்கரைந்துள்ள உயிர்வளி செலவாகிவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. இக்காரணம் பற்றியே இங்குச் சத் பூஜை நடத்துவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது; 2020இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை நீக்க மறுத்தது. ஆண்டாண்டாக வழிபட்டு வந்தோர்க்கு இது எளிய இழப்பன்று. அவர்கள் ஒரு பெருநாளையே வேறு நீர்த்துறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவ்வாறிருக்க, நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது மிகச் சிறிதே. புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதத் தூக்கும் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கென்று பொரியைக்கூட நீரில் இறைக்க வேண்டாம். கையை வீசி நடந்து, கண்ணாரக் கண்டு திரும்புவோம். வந்த ஊரில் நமக்குக் கால் ஊன்ற மேட்டுநிலம் தந்தது இந்த ஏரி. அதைத் தூய்மையாக விட்டுவைப்பது நம் கடன்.