உட்கார்ந்தே மரம் கடையலாம்

மொரோக்கோவின் மராகேஷ் நகரக் கடைவீதிகளில் மரம் கடைபவர்கள் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வலக்கையில் ஒரு வில். அதன் நாண் மரத்துண்டைச் சுற்றியிருக்கும். வில்லை முன்னும் பின்னும் இழுக்க, மரம் சுழலும். உளியின் பின்பக்கத்தை இடக்கை பிடித்துக்கொள்ள, அதன் நுனியை அசையாமல் நிறுத்துவது கால்விரல்கள்! நம் பக்கத்தில், கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக் கலைஞர்களும் உட்கார்ந்தே கடைந்து பழகியவர்கள். நிற்க முடியாதவருக்குக் கடைசல் வேலை ஒத்துவராது என்று சொல்பவர்கள் இவர்களைப் பார்க்க வேண்டும்.

தடை ஆளிடம் இல்லை, லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது. இன்றைய மரக்கடைசல் லேத்துகள் பெரும்பாலும் நிற்பவருக்கென்றே செய்யப்பட்டவை. சுழலும் அச்சு, கடைபவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதே லேத்தின் முன் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால், அச்சு அவர் தோளுக்கும் தாடைக்கும் நேராகிவிடும். சரி, மேசையைத் தாழ்த்தினால் போதாதா? போதாது. நிற்பவர் உளியின் கைப்பிடியை இடுப்போடு அணைத்து, உடம்பையே மெல்லச் சாய்த்துத்தான் வளைவுகளைக் கடைகிறார். உட்கார்ந்தவருக்கு அந்த வேலை முழுவதும் கைகள் மேல் விழுகிறது. தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். தாழ்த்திய மேசை முழங்காலிலும் இடிக்கும். அதனால் முழங்கால் நுழைய அடியில் இடம் வேண்டும், லேத்தையும் கடைபவர் பக்கம் சாய்க்க முடிய வேண்டும். ராபஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் உட்கார்ந்து கடைபவர்களுக்கென்றே ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற லேத்தை உருவாக்கியது.

கைவலு குறைந்தவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் பெரிய உதவி செய்வது கார்பைடு முனை உளி. வழக்கமான குழி உளியின் சரிவை மரத்தில் பதித்து, மணிக்கட்டை உருட்டிக்கொண்டே போக வேண்டும். கோணம் சற்றுத் தவறினாலும் மரம் உளியைக் கவ்வி, வெடுக்கென்று கையை உதறிவிடும். கார்பைடு உளியை லேத்தின் உளித்தாங்கி மேல் மட்டமாக வைத்து நேராகத் தள்ளினால் போதும். அதன் முனை, சட்டைப் பொத்தான் அளவில், திருகாணியால் இறுக்கிய ஒரு வில்லை. மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தி, வில்லையைச் சற்றுத் திருப்பினால் புதுக் கூர் கிடைக்கும். சாணை பிடிக்க வேண்டியதில்லை. குழி உளி தரும் வழவழப்பு இதில் வராது, உப்புத்தாள் கூடுதலாகத் தேய்க்க வேண்டிவரும். வலியில்லாமல் வேலை செய்ய அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

ஒரு கையால் கடைபவருக்கு, லேத்தோடு பிணைத்த மடக்குக் கரம் இருக்கிறது. உளியின் எடையையும் திருகும் விசையையும் அது தாங்கிக்கொள்ளும். கை வழிகாட்டினால் போதும். பார்வையற்றவர்களும் கடைகிறார்கள். கிண்ணத்தின் சுவர் மெலிய மெலிய, உளி எழுப்பும் ஒலி மாறுவதைக் காது பிடித்துவிடும். பிறகு லேத்தை நிறுத்திவிட்டு விரலால் தடவிக் கனத்தை அறியலாம்.

உட்கார்ந்து கடைவதில் ஓர் ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலை தாழ்வதால், மரம் உடைந்து தெறிக்கும் பாதைக்கு முகம் நேராக வந்துவிடலாம். சட்டென்று நகர்ந்துகொள்ளவும் முடியாது. எனவே முழு முகக்கவசம் இல்லாமல் லேத்தை ஓட்டவே கூடாது. நிறுத்தும் ஸ்விட்ச் லேத்தின் தலைப்பக்கத்தில் எட்டாத இடத்தில் இருந்தால் பயனில்லை; காந்தம் வைத்த பெட்டியில் பொருத்தி, கை சட்டென்று எட்டும் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேகத்தை மாற்றக் குனிந்து பெல்ட் மாற்றும் லேத்தைவிட, குமிழைத் திருகி மாற்றும் லேத்தே உட்கார்ந்து கடைபவர்களுக்கு ஏற்றது.

கடைசல் கற்றுத்தரும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு சிறிய லேத்தையாவது, அடியில் முழங்கால் நுழையும் தாழ்வான மேசையில் வையுங்கள். வாசலில் ஒரு சாய்தளமும் போடுங்கள். கற்க விரும்பி வருபவரிடம் “உங்களால் முடியுமா?” என்று கேட்காமல், “எந்த உயரம் உங்களுக்கு வசதி?” என்று கேளுங்கள்.