பாஸ் அவுட்

பாஸ் அவுட் என்பது ஆங்கிலத்தில் பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வரும் கூட்டு வினை. இவ்வகை வினைகளை ஆங்கில இலக்கணத்தில் 'பிரேசல் வெர்ப்' என்பர். 'பாஸ்' என்னும் வினையும் 'அவுட்' என்னும் சிறு சொல்லும் சேர்ந்து, தனியே நிற்கும்போது தராத ஒரு பொருளைத் தருகின்றன. மயங்கி விழுதல், சிறிது நேரம் நினைவிழத்தல் என்பதே அதன் முதன்மைப் பொருள்.

இந்தியாவில் பெரும்பாலோர் அறிந்த பொருள் வேறு. "நீங்கள் எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று கேட்டால், படிப்பு முடித்த ஆண்டைத்தான் எவரும் சொல்வார்கள். தன்விவரக் குறிப்பில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று எழுதியிருப்பதைச் சென்னை நிறுவனம் சரியாகவே புரிந்துகொள்ளும். அமெரிக்கர் ஒருவருக்கோ, அவர் 2019-இல் மயக்கம் போட்டு விழுந்தார் என்று படும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்போர் 'கிராஜுவேட்டட் ஃபிரம்' என்று எழுதுவதே பாதுகாப்பானது.

இந்திய வழக்கை வெறும் பிழை என்று ஒதுக்கவும் முடியாது. படைப் பயிற்சியை முடித்து வெளியேறுவதைப் பிரிட்டிஷ் ஆங்கிலமும் பாஸ் அவுட் என்றே சொல்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்தோர் நடத்தும் அணிவகுப்பின் பெயர் 'பாசிங் அவுட் பரேடு'. (அந்த அணிவகுப்பில் வெயில் தாளாமல் ஒருவர் சாய்ந்துவிட்டால் அதற்கும் இதே சொல்தான்.)

மயக்கப் பொருளில் இவ்வினை செயப்படுபொருளை ஏற்காது. 'ஷி பாஸ்டு அவுட்' என்றால் அவள் மயங்கினாள். 'தி ஹீட் பாஸ்டு ஹெர் அவுட்' என்று எழுத முடியாது. அமெரிக்க ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் மூன்றாவது பொருளான பகிர்ந்து கொடுத்தலில் மட்டும் செயப்படுபொருள் வரும். ஆசிரியர் வினாத்தாள்களை 'பாஸ் அவுட்' செய்கிறார். அங்கே பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'பாஸ் தெம் அவுட்' சரி, 'பாஸ் அவுட் தெம்' தவறு.

மாணவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய குழப்பம் 'பாஸ் அவே' என்பதோடு நேர்வது. அதன் பொருள் இறந்துபோதல். மயங்கிக் கிடப்பவருக்காக ஆம்புலன்ஸை அழைக்கும் ஒருவர், பதற்றத்தில் 'ஹி பாஸ்டு அவே' என்று சொல்லிவிட்டால், மறுமுனையில் இருப்பவர் உயிர் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வார். மூச்சு இருந்தால் 'ஹி பாஸ்டு அவுட், பட் ஹி இஸ் பிரீதிங்' என்று அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.