கீழ்க்கோர்ட்டு வக்கீலுக்குப் பரீட்சை! அட்வகேட் ஜெனரலுக்கு?

புதுக்கோட்டை:

"கவர்மெண்டு கேசு தோத்துப் போச்சாம்!"

கோர்ட்டுப் பக்கமிருந்து இப்படி ஒரு சேதி வந்தால் போதும். டீக்கடை பெஞ்சில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அரசு வக்கீல் யாருப்பா? அவருக்குச் சட்டம் தெரியுமா, தெரியாதா?"

கேட்பதில் தப்பில்லை. அரசாங்கம் தானே வந்து கூண்டுக்கு முன்னால் நிற்க முடியாது. வக்கீல்தான் நிற்க வேண்டும். அவர் கோட்டை விட்டால் நஷ்டம் வரி கட்டுகிற கடைக்காரருக்கும், மகனைப் பறிகொடுத்துவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும்தான்.

நம் மாவட்டத்தையே பாருங்கள். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரம் 2022 டிசம்பரில் வெடித்தது. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்தது 2025 ஜனவரியில்! இடையில் 2 வருடம். விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று ஐகோர்ட்டு கேட்டபோதெல்லாம் எழுந்து பதில் சொன்னவர்கள் அரசு வக்கீல்கள். ஊரே காது கொடுத்துக் கேட்ட பதில் அது.

அப்படிப்பட்ட வேலைக்கு என்ன தகுதி கேட்கிறார்கள்? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது.

பரீட்சை

மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் அரசு தரப்பில் ஆஜராகும் உதவி அரசு வக்கீல் இருக்கிறாரே, அவர் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதித்தான் வரவேண்டும். கிரிமினல் கோர்ட்டில் 5 வருடம் தொழில் நடத்தியிருக்க வேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. வயது வரம்பும் உண்டு.

ஒரு படி மேலே ஏறினால் செசன்சு கோர்ட்டு. கொலை, கொள்ளை வழக்குகள் நடக்கும் இடம். தூக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் உள்ள கோர்ட்டு. அங்கே நிற்கும் பப்ளிக் பிராசிகியூட்டருக்கு 7 வருட வக்கீல் அனுபவம் இருந்தால் சரி. பரீட்சை கிடையாது.

உச்சாணிக் கொம்பில் இருப்பவர் அட்வகேட் ஜெனரல். மாநில அரசின் தலைமை வக்கீல். அரசியல் சட்டம் 165-வது பிரிவு அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். 10 வருடம் ஐகோர்ட்டில் வக்கீலாக இருந்தவருக்கு அந்தத் தகுதி வந்துவிடும். கவர்னர் நியமிப்பார். அவர் விரும்பும் வரை பதவி. கவர்னர் விருப்பம் என்றால் மந்திரிசபையின் யோசனை என்று படிக்க வேண்டும்!

பரீட்சை இல்லை. வயது வரம்பும் இல்லை. "அதெப்படி?" என்று இரண்டு தடவை கோர்ட்டுக்கே போய்விட்டார்கள்.

60 வயது

முதல் வழக்கு நாகபுரியில். தீர்ப்பு வந்த ஆண்டு 1952. பழைய மத்தியப் பிரதேசத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஷேவ்டே 60 வயதைத் தாண்டியவர். அந்தக் காலத்தில் ஐகோர்ட்டு நீதிபதிகள் ஓய்வு பெறும் வயது 60. நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாத வயதுக்காரர், நீதிபதிக்கு உள்ள தகுதி வேண்டும் என்கிற பதவியில் மட்டும் எப்படி உட்காரலாம் என்பது வாதம்.

கேட்கிறபோது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நாகபுரி ஐகோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு வயது என்பது நீதிபதி எதுவரை பதவியில் இருக்கலாம் என்பதைச் சொல்கிறது, அது தகுதியோடு சேர்ந்தது ஆகாது என்று சொல்லிவிட்டது.

அதோடு விட்டார்களா? 2000-ல் பிறந்த உத்தராஞ்சல் மாநிலத்தில் எல்.பி.நதானி அட்வகேட் ஜெனரல் ஆனார். அவர் 62-ஐத் தாண்டியவர். நைனிடால் ஐகோர்ட்டில் மறுபடியும் அதே கேள்வி, இந்தத் தடவை பொதுநல வழக்காக! இதைப் பற்றி முடிவெடுத்துச் சொல்லுங்கள் என்று ஐகோர்ட்டு மாநில அரசிடம் கேட்க, அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. 2010 ஜனவரி 18-ந்தேதி தீர்ப்பு. நியமனம் செல்லும். என்றைக்கோ தீர்ந்துபோன விஷயத்தைக் கிளறியதற்கு வழக்குப் போட்டவர்கள் 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும்!

வயதைப் பார்த்து ஆளை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மத்திய அரசின் முதல் அட்டர்னி ஜெனரல் செட்டல்வாட் 1950-ல் பதவி ஏற்றபோதே அவருக்கு வயது 65. பிறகும் 13 வருடம் இருந்தார். கே.கே.வேணுகோபால் 2017-ல் அட்டர்னி ஜெனரல் ஆனபோது வயது 85. இவர்களுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஜல்லிக்கட்டு

சரி, வயது வேண்டாம். ஜெயித்தாரா, தோற்றாரா என்று பார்க்கலாமா?

அதிலும் சிக்கல் இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஜல்லிக்கட்டைச் சொன்னால் சட்டென்று புரியும். 2014 மே 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டில் தமிழ்நாடு தோற்றது. வாடிவாசல் மூடியது. 2023 மே 18-ந்தேதி அதே சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. முதலில் வாதாடியவர்கள் சோடை, பின்னால் வாதாடியவர்கள் கெட்டி என்று சொல்லிவிட முடியுமா? நடுவில் 2017-ல் சட்டத்தையே மாற்றிவிட்டார்களே!

ஆகவே பார்க்க வேண்டியது வேறு. கட்டைப் படித்துவிட்டு வருகிறாரா? சாட்சியைத் தயாராக வைத்திருக்கிறாரா? எத்தனை தடவை வாய்தா வாங்கினார்? "இந்தக் கேசு நிற்காது" என்று அரசாங்கத்திடம் முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் உண்டா? இதற்கெல்லாம் வயதுச் சான்றிதழில் விடை கிடைக்காது.

வேண்டியவர்

ஊரில் பேசிக்கொள்கிற இன்னொன்றும் உண்டு. "ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்னா வேலை கிடைச்சிடும்." இதை டீக்கடை வம்பு என்று தள்ளுவதற்கில்லை. உத்தரப்பிரதேசத்தில் 1990 பிப்ரவரியில் ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்ட அரசு வக்கீல்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்! தவணை முடிந்தவர், முடியாதவர் என்ற கணக்கே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

பஞ்சாப், அரியானாவில் இருந்து வந்த வழக்கில் 2016 மார்ச் 30-ந்தேதி இன்னும் கறாராகப் பேசியது. அரசு வக்கீல் நியமனம் அரசாங்கம் இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கும் சன்மானம் அல்ல, தேர்வுக் குழு வைத்துத் தகுதி பார்த்து எடுக்க வேண்டும் என்றது. மற்ற மாநிலங்களும் இந்த வழிக்கு வரலாம் என்று சொன்னது. ஆனால் அட்வகேட் ஜெனரல் இந்த வளையத்துக்குள் வரமாட்டார். அவர் பதவி அரசியல் சட்டத்தில் தனி.

பட்டியல்

அட்வகேட் ஜெனரல் சென்னையில் இருப்பவர். நம் ஊர் ஆள் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அன்றாடம் பார்க்கிற மாவட்ட அரசு வக்கீல் விஷயத்தில் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14-ல். இரண்டரை மாதம் கழித்து, ஏப்ரல் 1-ல், புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. போலீஸ்காரரே எழுந்து கேசு நடத்துகிற பழைய பழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. மாவட்ட பப்ளிக் பிராசிகியூட்டர் பதவிக்குக் கலெக்டர், செசன்சு நீதிபதியைக் கலந்துகொண்டு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவரை அரசாங்கம் நியமிக்க முடியாது. 2024 ஜூலை 1-ல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. இந்த ஏற்பாடு 18-வது பிரிவாக அப்படியே அதில் இருக்கிறது.

யார் வாய்தா வாங்குகிறார், யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார் என்பது தினமும் மேடையில் உட்கார்ந்து பார்க்கிற செசன்சு நீதிபதிக்குத் தெரியாதா என்ன? அவர் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கலெக்டர் பைலில் எழுத வேண்டும். ஒரு காலத்தில் ராஜாவின் அரண்மனையாக இருந்த கட்டிடத்தில்தான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீசு. மேலிடத்து டெலிபோன் வருவதற்கு முன்பு அங்கே பட்டியல் முடிந்துவிடுகிறதா, வந்த பிறகு முடிகிறதா என்பதுதான் கேள்வி!